வெந்நீர் ஊற்ற வந்தவள்

ஒக்கலிபுரம் லட்சுமம்மா காலை நீட்டி உட்கார்ந்தால் அந்தக் காலின் மேல் ஒரு குழந்தை இருக்க வேண்டும். சும்மா காலை நீட்டிக்கொண்டு உட்கார அவளுக்கு வராது. டி.வி. பார்க்கும்போதுகூடச் சம்மணம்தான்.

பிறந்த குழந்தைக்கு எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றுவது அவள் தொழில். பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரிக்கும் சேர்த்துத்தான். இளவயதில் சேஷாத்ரிபுரத்தில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தாள். ஆஸ்பத்திரியை இழுத்து மூடிய பிறகு, அங்கே பிள்ளை பெற்றவர்கள் அவளை வீட்டுக்கே கூப்பிட ஆரம்பித்தார்கள். ஒரு வீட்டில் ஊற்றினால் அந்த வீட்டு நாத்தனாருக்கு, நாத்தனாரின் சிநேகிதிக்கு, சிநேகிதியின் மாடிவீட்டுக்காரிக்கு என்று பேர் நடந்து போய்க்கொண்டே இருந்தது. மல்லேஸ்வரத்துத் தனி வீடுகளில் தொடங்கியவள், இப்போது யஷ்வந்தபுரம் பக்கம் அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற அடுக்குமாடிகள் வரை வந்துவிட்டாள்.

அந்த அடுக்குமாடிகளில் வாசல் காவல்காரர் போனில் பதிந்துகொண்டுதான் உள்ளே விடுவார். எதற்காக வருகிறார் என்ற இடத்தில் சமையல், டிரைவர், வீட்டு வேலை, பியூட்டீஷியன் எல்லாம் இருந்தன. குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றுபவர் என்று ஒன்று இல்லை. காவல்காரர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பியூட்டீஷியன் என்று அமுக்கிவிட்டார்.

"அந்த பில்டிங்ல நான் பியூட்டீஷியன், தெரியுமா?" என்று வீட்டில் வந்து சொன்னாள். யோசித்துப் பார்த்தால் பொய்யும் இல்லை. சப்பை மூக்கைப் பிடித்துப் பிடித்து நிமிர்த்துவாள். கோணல் தலையை உள்ளங்கையால் உருட்டி வழிக்குக் கொண்டுவருவாள். அழுகிற குழந்தையிடம் அதனதன் வீட்டு பாஷையில் பேசுவாள். கன்னட வீட்டில் "அளபேடா கந்தா", தமிழ் வீட்டில் "ஆச்சு ராஜா, ஆச்சு ஆச்சு", டேனரி ரோடு பாய் வீட்டில் "ரோனா நக்கோ". கடைசிச் சொம்புத் தண்ணீரைக் குழந்தையைச் சுற்றி வடிகாலில் கொட்டிவிட்டு, தூ தூ என்று மூன்று பக்கமும் துப்பினால் கண்ணேறு போயிற்று.

கை பழகியிருந்தால் மட்டும் இந்தத் தொழிலில் நிற்க முடியாது. கைராசி வேண்டும். காக்ஸ்டவுன் டோரீன் என்று ஒருத்தி. லட்சுமம்மாவுக்குச் சமமான கை. அவள் தண்ணீர் ஊற்றிய ஒரு குழந்தைக்கு மஞ்சள்காமாலை வந்தது. குளிப்பாட்டியதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டரே சொன்னார். குழந்தையும் பிழைத்துக் கொழுகொழுவென்று ஆகிவிட்டது. ஆனால் டோரீனின் போன் அன்றோடு அடங்கியது. இப்போது ஒரு பேக்கரியில் கேக்குக்கு அட்டைப்பெட்டி மடிக்கிறாள். அந்தப் பேக்கரி இருக்கிற தெருவில் லட்சுமம்மா நடப்பதே இல்லை. தன் பேரில் ஒரு சின்னக் கீறல் விழக்கூடாது என்று அத்தனை ஜாக்கிரதையாக இருந்தாள். சுஹாஸ் வருகிறவரை.

சுஹாஸ் மல்லேஸ்வரம் பாகீரதியம்மாவின் பையன். மகாராஜா காலத்திலேயே இங்கே வந்து சர்க்கார் உத்தியோகம் பார்த்த குடும்பம். சுஹாஸுக்கும் அவன் தங்கை ஸ்ரீரஞ்சனிக்கும் லட்சுமம்மாதான் தண்ணீர் ஊற்றினாள். கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டுச் சினிமா எடுக்கப் போனவன், ஒரு நாள் ஒக்கலிபுரத்துச் சந்துக்குள் காரை நுழைத்து, திருப்ப முடியாமல் அப்படியே விட்டுவிட்டு இறங்கி வந்தான்.

"லட்சுமம்மா, நான் ஒரு படம் எடுக்கறேன்."

"எடு சாமி. நீயே நடி. மூக்கு அவ்ளோ நல்லா வந்துக்குது. யார் கை?"

"நான் இல்லை. நீங்கதான் நடிக்கணும்."

லட்சுமம்மா சிரித்த சிரிப்பில் அடுத்த வீட்டுப் பூனை சுவரிலிருந்து குதித்து ஓடியது.

"நிஜமாத்தான். குழந்தைக்குத் தண்ணி ஊத்தற அம்மாவாவே வரணும். வசனம் கொஞ்சந்தான். கன்னடப் படம்."

"என்னா கதை?"

"ஒரு அம்மா, ஒரு குழந்தை. அவ்வளவுதான்."

அம்மா, குழந்தை என்றால் செண்டிமெண்ட் படம். கடைசியில் எல்லோரும் கட்டிக்கொண்டு அழுவார்கள். லட்சுமம்மா அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். அவள் வீட்டுக்காரர் முனிகிருஷ்ணன், சிட்டி ஸ்டேஷன் பார்சல் ஆபீஸில் மூட்டை தூக்கி ஓய்ந்தவர், அதற்குள் உள்ளே போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு வந்து நின்றார், யாரோ போட்டோ எடுக்கப் போகிறார்கள் என்கிற மாதிரி.

படத்துக்குப் பெயர் 'பிஸிநீரு'. வெந்நீர் என்று அர்த்தம். மல்லேஸ்வரத்தில் ஒரு பழைய பங்களாவை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். அம்மாவாக நடித்த பெண்ணுக்கு ஸ்னேஹா என்று பெயர். ஒல்லியாக, பயந்த கண்ணோடு, நல்ல பெண். குழந்தைக்கு மட்டும் ஒரு பொம்மை. மும்பையில் செய்ததாம். கையில் எடுத்தால் நிஜக் குழந்தையின் கனம். பாதத்தில் ரேகைகூட இருந்தது.

"இதுக்கு பேர் என்னா?" என்று லட்சுமம்மா கேட்டாள்.

"ப்ராப்" என்றான் உதவி இயக்குநர், காட்சிக்கு வைக்கிற சாமான் என்ற அர்த்தத்தில்.

அன்றிலிருந்து அது ப்ராப்பு ராஜா. காமிராவுக்குத் தெரிய வேண்டாத இடத்திலும் எண்ணெய் தேய்த்தாள். கன்னத்தில் மைப்பொட்டு வைத்தாள். "கட்" என்று கத்திய பிறகும் துவட்டித் துணி சுற்றித்தான் கொடுத்தாள். துடைத்து முடிக்கிற வரை அத்தனை பேரும் நின்றார்கள்.

ஒரே ஒரு தகராறுதான் வந்தது. ஒரு நாள் பொம்மை இல்லாமலேயே காலை நீட்டி, குழந்தை இருப்பது போலத் தண்ணீர் ஊற்றச் சொன்னான் சுஹாஸ்.

"அதெல்லாம் ஆவாது. வெறுங்கால்ல ஊத்தமாட்டேன்."

"நடிப்புதானே லட்சுமம்மா?"

"தண்ணி நெஜம்தானே சாமி?"

கடைசியில் ஸ்னேஹாவையே காலை நீட்டி உட்காரவைத்தார்கள். லட்சுமம்மா அவள் பின்னால் நின்று அவள் முதுகில் ஊற்றினாள். அது இன்னும் நன்றாக வந்திருக்கிறது என்று சுஹாஸ் காமிராக்காரரைக் கட்டிக்கொண்டான்.

லட்சுமம்மாவுக்கு அந்தக் கதை வீட்டு ஆட்களைத்தான் பிடிக்கவில்லை. தினம் வருகிறாள், தினம் போகிறாள், மாமியாராக நடித்த அம்மாள் ஒரு வார்த்தை பேசுவதில்லை. புருஷனாக நடித்தவன் அவளைத் தாண்டிப் போகிறான், ஏறெடுத்துப் பார்ப்பதில்லை.

"என்னா மனுசங்க சாமி இவங்க? வந்தவளுக்கு ஒரு வாய் காபி கிடையாது. ஒரு சீன்ல காபி வையேன்."

சுஹாஸ் சிரித்தான். "வெச்சா படமே போயிடும் லட்சுமம்மா."

படப்பிடிப்பு முடிந்தது. லட்சுமம்மா செம்புக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சிரிக்கிற போட்டோ ஒன்றை அவள் மகள் ஷில்பாவின் போனுக்கு அனுப்பினார்கள். ஷில்பா அதை அப்பாவிடம் காட்டியதுதான் பிழை. நாலாம் நாள் ஒக்கலிபுரம் முனையில், ஆட்டோ ஸ்டாண்டுக்கு மேலே, ஆளுயரத்துக்கு ஒரு ஃப்ளெக்ஸ் எழுந்து நின்றது. 'கலையுலகில் கால் பதிக்கும் ஒக்கலிபுரத்தின் ஒளிவிளக்கு லட்சுமம்மா அவர்களை வாழ்த்துகிறோம்.' கீழே வரிசையாக முனிகிருஷ்ணனின் சிநேகிதர்கள் தலைகள், எல்லாம் கூலிங்கிளாஸோடு. நடுவில் முனிகிருஷ்ணன், போனில் பேசுகிற போஸ்.

"யார்கிட்ட பேசினுகீற இதுல?" என்று லட்சுமம்மா கேட்டாள்.

"உன் கால்ஷீட்டு விஷயமா" என்றார் அவர்.

கோபம்தான். ஆனாலும் பஸ்ஸில் போகும்போது ஃப்ளெக்ஸ் தெரிகிற ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டாள்.

டிரெய்லர் வந்த அன்று ஷில்பா வேலைக்குப் போன இடத்திலிருந்தே கூப்பிட்டாள். "யம்மா, உக்காந்துட்டியா? உக்காந்துகினு பாரு."

போனில் இருட்டான கூடம். ஸ்னேஹா ஒரு காலித் தொட்டிலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். கதவு கிறீச் என்று திறக்கிறது. சுவரில் ஒரு நிழல். ஈரக் காலடி ஒன்று, இன்னொன்று. குடத்தோடு லட்சுமம்மா வருகிறாள். வயலினை யாரோ ரம்பத்தால் அறுக்கிற மாதிரி ஒரு சத்தம். லட்சுமம்மா நிமிர்ந்து பார்க்கிறாள். கண் இரண்டும் வெள்ளை வெளேரென்று இருக்கிறது, கருவிழியே இல்லை.

அவளே போனைக் கீழே போட்டுவிட்டாள், பிறகு எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள்.

"எப்ப எடுத்தாங்க இத? என் முழி எங்க போச்சு?"

"கம்ப்யூட்டர்ல பண்றதும்மா. அது பேய்ப் படம். மனசுக்குள்ளயே பயம் வர்ற மாதிரின்னு போட்டிருக்காங்க. செமயா இருக்குது. என் ஆபீஸே பாத்துட்டாங்க."

ஆபீஸ் மட்டுமா பார்த்தது? முனிகிருஷ்ணன் பார்த்தார், பரவசமானார், பழைய ஃப்ளெக்ஸில் இருந்த படம் சினிமாக்காரி மாதிரியே இல்லை என்று முடிவு செய்தார். லட்சுமம்மா வேலை முடிந்து வருவதற்குள் புது ஃப்ளெக்ஸ் ஏறிவிட்டது. அதே ஒளிவிளக்கு, அதே கூலிங்கிளாஸ் தலைகள். நடுவில் மட்டும் வெள்ளை முழியோடு லட்சுமம்மா. அந்த வழியாகத்தான் மல்லேஸ்வரத்துக்கும் ராஜாஜிநகருக்கும் பாதிக் கார்கள் போகும்.

மறுநாளே போன்கள் வர ஆரம்பித்தன. முதலில் யஷ்வந்தபுரம் பில்டிங் வீடு. "பேஜார் மாட்கோபேடி லட்சுமம்மா, நம்ம டாக்டரு பேடா அந்தாரே" என்றாள் அந்த வீட்டம்மாள். வருத்தப்படக்கூடாதாம், டாக்டர் வேண்டாமென்று சொன்னாராம். எந்த டாக்டர் என்று லட்சுமம்மா கேட்கவில்லை. அடுத்து ராஜாஜிநகர். அவர்கள் ஊருக்குப் போகிறார்களாம், குழந்தையையும் தூக்கிக்கொண்டு. அதற்கடுத்தது பார்கவி, ஒரு காலத்தில் லட்சுமம்மாவின் காலில் கிடந்த குழந்தை, இப்போது முழுகாமல் இருக்கிறவள். அவள் மட்டும் உண்மையைச் சொன்னாள். "எனக்கு ஒண்ணும் இல்லை ஆன்ட்டி. மாமியார்தான், பேய் வேஷம் கட்டின கை புள்ளை மேல படவேண்டாங்கறாங்க."

கடைசியாக வந்தது பாகீரதியம்மாவின் போன். ஸ்ரீரஞ்சனிக்கு அடுத்த மாதம் பிரசவம். லட்சுமம்மாதான் என்று எப்போதோ பேசி வைத்தது.

"லட்சுமி, நன்னாயிருக்கியா? இல்லை, ஸ்ரீரஞ்சனிக்கு ஒரு நர்ஸை வெச்சுக்கலாம்னு பாக்கறோம். ஒரு மாறுதலுக்கு."

"உங்க புள்ள எடுத்த படம்தானேம்மா?"

"படம் வேற லட்சுமி, குழந்தை வேற" என்று சொல்லிவிட்டுப் பாகீரதியம்மா வைத்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் லட்சுமம்மா தானே ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போய், ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி, ஃப்ளெக்ஸின் கயிற்றை அறுத்துக் கீழே இறக்கினாள். ஆட்டோக்காரர்கள் ஒருவரும் பக்கத்தில் வரவில்லை. அவள் முகம் ஃப்ளெக்ஸில் இருந்ததைவிடப் பயங்கரமாக இருந்தது என்று பின்னால் சொன்னார்கள். முனிகிருஷ்ணன் அன்றைக்குச் சோறு தானே போட்டுக்கொண்டு தின்றார். தட்டையும் கழுவி வைத்தார்.

"நான் இன்னா லட்சுமி தப்பு பண்ணேன்? ஊரே உன்னப் பாக்கணும்னு..."

"ஊரே பாத்துச்சு. டோரீன் கூட பெட்டி மடிக்க எடம் இருக்கான்னு கேக்கறேன், இரு."

படத்தின் முன்காட்சிக்குச் சுஹாஸ் கூப்பிட்டபோது போகக்கூடாது என்றுதான் இருந்தாள். பிறகு, போய் எல்லோர் முன்னாலும் அந்தப் பையனின் காதைப் பிடித்துத் திருகலாம் என்று தோன்றியது. மூக்கை நிமிர்த்தியவளுக்குக் காதில் உரிமை இல்லையா? முனிகிருஷ்ணனும் வெள்ளைச் சட்டையோடு கூட வந்தார். சின்னத் தியேட்டர். சுஹாஸ் வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றான்.

"என் வேலை போச்சு சாமி. தெரியுமா உனக்கு? பேய்ன்னு சொல்லவேயில்ல நீ."

அவன் முகம் சுருங்கிவிட்டது. "அம்மா சொல்லலை. இப்படி ஆகும்னு நினைக்கலை லட்சுமம்மா. முழுக் கதை சொன்னா நீங்க சாதாரணமா இருக்கமாட்டீங்கன்னு... முதல்ல படத்தைப் பாருங்க. அப்பறம் அடிங்க."

உள்ளே பாகீரதியம்மா ஏற்கனவே உட்கார்ந்திருந்தாள். நடுவில் ஒரு இருக்கை விட்டு லட்சுமம்மா உட்கார்ந்தாள். இருவரும் தலையை மட்டும் அசைத்துக்கொண்டார்கள்.

கதை இதுதான். ஒரு பெண்ணுக்குக் குழந்தை பிறந்து, பெயர் வைப்பதற்குள் இறந்துவிடுகிறது. வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. தொட்டிலைக் கழற்றிப் பரணில் போட்டுவிடுகிறார்கள். ஆனால் தண்ணீர் ஊற்றுகிற அம்மாள் மட்டும் தினமும் வந்துகொண்டிருக்கிறாள். கதவைத் தட்டாமல் வருகிறாள், பெண்ணுக்குத் தலையில் எண்ணெய் வைத்து வெந்நீர் ஊற்றுகிறாள், இல்லாத குழந்தையையும் கொஞ்சுகிறாள். நாளாக ஆகத் தண்ணீர் கொதிக்கிறது. பெண்ணின் முதுகெல்லாம் சிவந்து கொப்புளிக்கிறது. புருஷன் பயந்துபோய்க் குளியலறை வாசலில் ஒரு காமிராவை ஒளித்துவைக்கிறான்.

லட்சுமம்மா தான் வருகிற இடத்திலெல்லாம் தானே கண்ணை மூடிக்கொண்டாள். முனிகிருஷ்ணன் அவள் வருகிற இடத்திலெல்லாம் கை தட்டினார்.

புருஷன் காமிராவில் பதிந்ததைப் போட்டுப் பார்க்கிறான். குளியலறை. ஸ்னேஹா தனியாக உட்கார்ந்திருக்கிறாள். சொம்பை எடுத்துத் தன் முதுகில் தானே ஊற்றிக்கொள்கிறாள். யாரிடமோ பேசுகிறாள், சிரிக்கிறாள். பின்னால் ஒருவரும் இல்லை.

"ஐயோ லட்சுமி, உன்னக் கட் பண்ணிட்டானுங்கடி!" என்று முனிகிருஷ்ணன் வாய்விட்டுக் கத்தினார்.

தியேட்டரே திரும்பிப் பார்த்தது. ஏன் யாரும் காபி கொடுக்கவில்லை என்று இப்போதுதான் லட்சுமம்மாவுக்குப் புரிந்தது. பேய்கூட இல்லை. அந்த வீட்டுக்கு அவள் வரவேயில்லை. அவளாக இருந்ததெல்லாம் அந்தப் பெண்ணின் நினைப்பு.

பிறகு, படம் கொஞ்சம் பின்னால் போயிற்று. குழந்தை போன மறுநாள் காலை. நிஜமாகத் தண்ணீர் ஊற்ற வருகிறவள், வேறொரு நடிகை, கேட்டைத் திறக்கக் கை வைக்கிறாள். முற்றத்தில் கிடக்கும் செருப்புக் கூட்டத்தைப் பார்க்கிறாள். தாழ்ப்பாளைச் சத்தமில்லாமல் திரும்பப் போட்டுவிட்டுப் போய்விடுகிறாள். மாடி ஜன்னலில் இருந்து அந்தப் பெண் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் ரவிக்கை பாலில் நனைந்திருக்கிறது.

அந்தத் தாழ்ப்பாள் லட்சுமம்மாவுக்குத் தெரியும். அவளும் அப்படித் திரும்பியவள்தான். அந்தத் தொழிலில் எல்லோரும் அப்படித்தான். குழந்தை தங்காத வீட்டிலிருந்து மறுபடி கூப்பிடமாட்டார்கள், இவர்களும் போகமாட்டார்கள். அந்த வீட்டுத் தண்ணீர் கையில் பட்டால் அடுத்த வீட்டில் ஏற்கமாட்டார்கள்.

அவள் திரும்பிப் பார்த்தபோது பாகீரதியம்மாவின் இருக்கை காலியாக இருந்தது.

படம் முடிந்து, சுஹாஸ் காதை நீட்டிக்கொண்டு வந்து நின்றான். லட்சுமம்மா திருகவில்லை. "இந்தக் கதை உனக்கு யார் சொன்னாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"அப்பா. போறதுக்கு முன்னாடி ஒரு தடவை சொன்னார். ரெண்டே வரிதான்" என்றான். எவருடைய கதை என்று அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தாள். கை ஊறியது. முனிகிருஷ்ணனின் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள். அவர் மன்னிப்புக் கிடைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டார். அப்போதுதான் மறுபடி மல்லேஸ்வரத்திலிருந்து போன். "காலம்பற வரியா லட்சுமி? கொஞ்சம் பேசணும்."

பேச என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. வேண்டாமென்று நேரில் சொன்னால் மரியாதை என்று நினைக்கிறார்களோ என்னவோ. இருந்தாலும் வழக்கமான துணிப்பையை எடுத்துக்கொண்டுதான் போனாள். அந்தப் பை இல்லாமல் அவளுக்கு மல்லேஸ்வரம் போகத் தெரியாது.

பாகீரதியம்மா கூடத்தில் தனியாக இருந்தாள். ஸ்ரீரஞ்சனி மாடியில் படுத்திருக்கிறாளாம். காபி வந்தது. லட்சுமம்மா குடித்து முடிக்கும்வரை பாகீரதியம்மா டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சுஹாஸுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு பொறந்தது, தெரியுமோ உனக்கு?"

"தெரியாதும்மா."

"யாருக்கும் தெரியாது. பொண் குழந்தை. பேர் வைக்கலை, அதனால பேசறப்போ என்னன்னு சொல்றதுன்னே தெரியலை. அப்படியே விட்டுட்டோம்." மேஜை விரிப்பின் மடிப்பைத் தடவினாள். "தண்ணி விட ஒரு அம்மா வந்துண்டிருந்தா. கேட் வரைக்கும் வந்தா. போயிட்டா. அவளை நான் தப்பு சொல்லலை. ஆனா லட்சுமி, எனக்குப் பச்சை உடம்புதானே? குழந்தை போனது உடம்புக்குத் தெரியுமா? அது பாட்டுக்குப் பால் கட்டிண்டு வலிக்கறது. இடுப்பு கழண்டு போறது. எங்க மாமியார் குளிச்சுட்டு வான்னா. குழாயைத் திறந்து பச்சைத் தண்ணியை விட்டுண்டு வந்தேன். நேத்து அந்தப் பொண்ணு சிரிச்சுண்டே தானே ஊத்திக்கறாளே, அங்கேதான் என்னால உக்கார முடியலை."

லட்சுமம்மா காலி டம்ளரை நகர்த்தி வைத்தாள். "சுஹாஸ் சாமி படத்த நல்லாத்தான் எடுத்துக்குது" என்றாள்.

"எனக்கு ஒரு ஆசை. சிரிக்கப்படாது."

"சொல்லுங்கம்மா."

"எனக்குத் தண்ணி விடறியா? இப்போ."

லட்சுமம்மா சிரிக்கத்தான் செய்தாள். பாகீரதியம்மாவுக்கு அறுபதுக்கு மேல் இருக்கும், கனத்த சரீரம். "என் கால் தாங்காதேம்மா!"

பாகீரதியம்மாவும் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே மூக்கைத் துடைத்தாள்.

குளியலறையில் பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்தாள். பையில் எண்ணெய் இருந்தது. கிண்ணத்தை வெந்நீரில் மிதக்கவிட்டுச் சூடு பண்ணி, உச்சந்தலையில் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். பிறகு கழுத்து, தோள், முதுகு. இடுப்புக்கு வந்ததும் கட்டைவிரல்களை ஊன்றி அழுத்தினாள். "ஹா" என்று ஒரு சத்தம் பாகீரதியம்மாவின் தொண்டையிலிருந்து வந்தது. முழங்கையைத் தண்ணீரில் விட்டுச் சூடு பார்த்து, முதல் சொம்பை முதுகில் ஓங்கி ஊற்றினாள். அடுத்த சொம்பு இடுப்பில். ஊற்ற ஊற்றக் கை தன் வழக்கத்துக்குப் போய்விட்டது. வாயும் கூடவே போய்விட்டது.

"ஆச்சு ராஜாத்தி, ஆச்சு ஆச்சு. மூக்குல போவாது. அழுவாத. யாரு அடிச்சா என் தங்கத்த? இந்தா, இன்னும் ஒண்ணே ஒண்ணு..."

சொல்லிவிட்டுத்தான் யாரிடம் சொல்கிறோம் என்று உறைத்தது. சொம்போடு நின்றாள். பாகீரதியம்மா தலையைக் குனிந்தபடியே, "நிறுத்தாதே" என்றாள்.

வெளியே கதவு தட்டும் சத்தம். "அம்மா! ரெண்டு பேரும் என்ன பண்றேள் உள்ளே? சாம்பிராணி போடற வாசனை ஒண்ணும் வரலையே?" ஸ்ரீரஞ்சனியின் குரல். "எனக்கு வேண்டாம்னுட்டு நீ குளிச்சுக்கறியா?"

"போய் உக்காருடி, வழுக்கும்!" என்று உள்ளிருந்து அதட்டினாள் பாகீரதியம்மா. காலடி தள்ளிப் போயிற்று.

அதன்பின் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "லட்சுமி. அடுத்த மாசம் நீயே வா."

"வரேம்மா."

"இல்லை. அவசரப்பட்டுச் சொல்லாதே. எப்படி இருந்தாலும் வருவியா?"

வயிற்றுப்பிள்ளைக்காரி இருக்கிற வீட்டில் இதற்கு மேல் வார்த்தையாகச் சொல்ல முடியாது. லட்சுமம்மாவுக்குப் புரிந்தது. இப்படி ஒரு வாக்கை அவள் யாருக்கும் கொடுத்ததில்லை. அவள் தொழிலில் யாரும் கொடுக்கமாட்டார்கள். கொடுத்தது வெளியே தெரிந்தால், ஃப்ளெக்ஸ் கெடுத்தது போக மிச்சமிருக்கிற பேரும் போய்விடும். பார்கவியின் மாமியார் முகம் ஒரு கணம் வந்து போயிற்று. வாளியில் ஆவி அடங்கிக்கொண்டிருந்தது.

"எப்படி இருந்தாலும் வருவேம்மா. கேட்டைத் தொறந்து உள்ள வருவேன். அவளுக்கும் ஊத்துவேன். அவ வேணாம்னாலும் ஊத்துவேன்."

பாகீரதியம்மா தலையாட்டினாள். சற்றுக் கழித்து, "சூடு பத்தலையே" என்றாள், குழந்தை மாதிரி.

"கெய்சர் தண்ணி இவ்ளோதான். நாளைக்குப் பெரிய குண்டான்ல அடுப்பு மேல வைக்கச் சொல்லுங்க. வெத்தலைக் காம்பு கிள்ளற நேரத்துல கொதிச்சிரும்."

"நாளைக்கா? நாளைக்கும் வருவியா?"

"பின்ன? ஒரு நாள் ஊத்திட்டு விட்டா இடுப்பு பிடிச்சுக்கும். பழைய பாக்கி வேற இருக்குது." லட்சுமம்மா சொம்பை மொண்டாள். "கண்ண மூடுங்க. தலைக்கு ஊத்தப் போறேன்."